கன்னியம்மாவின் கொட்டகையும் 438.6 கிலோவும்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. விடியலில் மெல்லிய மூடுபனி. ஏழு மணிக்குப் பிறகு வெயில். காற்று வடகிழக்கிலிருந்து, மெதுவாக. மழை இல்லை.

இவற்றை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. ஞானஜோதி என்னும் பெண்மணியின் குறிப்பேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன். அன்று காலை அவர் முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு மாட்டுக் கொட்டகைக்கு வந்து, அதைச் சுற்றி மூன்று இடங்களில் விரல் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்களைத் தொங்கவிட்டார். காற்றில் உள்ள அம்மோனியாவை அந்தக் குழாய்கள் ஒரு வாரம் உறிஞ்சும். பிறகு ஆய்வகத்தில் அளப்பார்கள். அதை வைத்து ஓர் அறிக்கை எழுதப்படும். அந்த அறிக்கையைப் பொறுத்து, கன்னியம்மா என்பவருடைய அந்தக் கொட்டகை முப்பது நாளில் அப்புறப்படுத்தப்படும். அல்லது இருந்த இடத்திலேயே இருக்கும்.

புகார் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். கன்னியம்மாவிடம் பால் வாங்குபவை பதினொன்று. புகார் மனுவில் கையெழுத்திட்டவை நாற்பத்து மூன்று. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: பால் வாங்கும் வீடுகளுள் குறைந்தது ஆறு வீடுகள் அந்த மனுவிலும் கையெழுத்திட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் வீடு. எங்கள் சங்கச் செயலாளர் தயாளன் மனுவை நீட்டினார்; நான் படித்துப் பார்க்காமல் ஒப்பமிட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் எழுதியதைப் படித்துத் திருத்திய ஒருவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். வெட்கப்படுகிறேன்.

ஞானஜோதிக்கு வயது நாற்பத்தேழு. அஸ்தினாபுரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்தவர். அவருடைய தந்தை தனசிங், குரோம்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் வேலை செய்தார். மகள் வேதியியலில் பட்டம் பெற்றாள். ஆய்வக வேலை கிடைக்கும் என்று நம்பினாள். கிடைத்தது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் களப்பணி. ஆய்வகத்தில் அமர்ந்திருப்பவர்களுக்காக வெயிலில் நின்று காற்றைப் பிடித்து வரும் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக அதையே செய்துவந்தார். குப்பைமேடு, கல்குவாரி, கோழிப்பண்ணை, பேருந்து நிலையம் என்று அவர் குழாய் தொங்கவிடாத இடம் இந்தத் தெற்குப் புறநகரில் குறைவு. பழைய ஸ்கூட்டர் ஒன்றில், டிஃபன் கேரியர் வைக்கும் பையில் குழாய்களை அடுக்கிக்கொண்டு போவார்.

அவருடைய வேலைமுறையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஓர் இடத்தில் ஒரு குழாயைத் தனியாகத் தொங்கவிட மாட்டார், எப்போதும் இரண்டு. அவற்றோடு மூடி திறக்காத ஒரு குழாயையும் எடுத்துச் சென்று, அதே வெயிலில் அதே பையில் வைத்திருந்து, திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவருவார். ஒன்றையும் உறிஞ்சாத குழாயே எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்தால்தான் மற்றவை காட்டுவதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும்.

இந்த வழக்கம் அவருக்கு ஒரு குளவியால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு கல்குவாரியின் ஓரத்தில் ஒற்றைக் குழாயைத் தொங்கவிட்டிருந்தார். ஆய்வகம் மிகக் குறைந்த அளவைச் சொல்லியது. காற்று தூய்மையாக இருப்பதாக அறிக்கை போனது. பின்னர் அந்தக் குழாயைக் கழுவ எடுத்தபோது அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது தெரிந்தது. காற்று உள்ளே போகவே இல்லை. அவர் மேலாளரிடம் ஓடிச்சென்று சொன்னார். அறிக்கை போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. அந்தக் குவாரியை ஒட்டிய தெருவில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்கள் காற்று நல்ல காற்று என்று ஒரு குளவி சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் இரட்டைக் குழாய். அதற்குப் பிறகுதான் நாள்தோறும் நேரில் போய்ப் பார்த்துவரும் பழக்கம்.

கன்னியம்மாவின் கொட்டகைக்கும் அவர் அந்த வாரம் முழுவதும் காலை ஐந்தரை மணிக்கே வந்தார். வந்ததும் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் நாள் கன்னியம்மா பால் கறப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம்.

“இன்னாம்மா, கழுத்துல சிலுவையப் போட்டுக்கினு எங்க மாட்டுக்கு ஊதுவத்தி காட்டுற?”

“மாட்டுக்கு இல்லக்கா, காத்துக்கு. புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து எழுதிக்கணும்.”

“அதுக்கு இன்னாத்துக்கு வத்திய வேஸ்ட் பண்ற? என் மூக்கக் கேளு, சொல்லும். காலீல கால்வாப் பக்கத்துலேந்து வரும். சாயங்காலம் திரும்பிக்கும்.”

“உங்க மூக்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா.”

“ஆபீஸ்காரன் மூக்குல இன்னா தங்கமா கீது?”

மூன்றாம் நாள் ஞானஜோதி மாடுகளை எண்ணினார். ஏழு பசுக்கள், இரண்டு கன்றுகள். நிறுவனத்தின் படிவத்திலோ பதினைந்து என்று இருந்தது. படிவத்தை நிரப்பியவர் அவருடைய மேலாளர் ராகவேந்திரா. அவர் ஒரு பிற்பகலில், மாடுகள் ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தபோது வந்து, காரை விட்டு இறங்காமலேயே கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்.

“அக்கா, பதினஞ்சுன்னு யார் சொன்னது?”

“நாந்தான்.”

“ஒம்பதுதானே இருக்கு?”

“வெள்ளத்துக்கு முன்னாடி பதினஞ்சு இருந்துச்சு. ஆறு தண்ணில போச்சு. நிவாரணத்துக்கு எயுத வந்தவன் மூணுன்னு எயுதிக்கினு போய்ட்டான். மீதிக்கு அத்தாட்சி கேட்டான். அடிச்சிக்கினு போன மாட்டுக்கு எங்கேந்து அத்தாட்சி கொண்டாருவேன்? அத்தோட முடிவு பண்ணேன். எவன் பேப்பர் எத்துக்கினு வந்தாலும் கூடச் சொல்றதுன்னு. பாதியாச்சும் எயுதுவான்ல?”

“இவரு முழுசா எழுதிக்கிட்டாரேக்கா.”

“அதான் நல்ல மனுசன்னு நெனச்சேன்.”

“இந்தத் தடவை கணக்கு வேற. மாடு கூடினா நெடி கூடுது, வாடை கூடுதுன்னு எழுதுவாங்க. கூடச் சொன்னா உங்க கொட்டாதான் போகும்.”

கன்னியம்மா மாட்டின் முதுகில் கை வைத்தார். “இத மொதல்லியே சொல்ல மாட்டீங்களா? நிவாரணத்துக்கு ஒரு மாதிரி, இடிக்கறதுக்கு ஒரு மாதிரின்னா நான் எத்தினி கணக்கு வெச்சிக்கினு இருப்பேன்?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் எவரும் அன்று அங்கே இல்லை.

ஞானஜோதியின் குறிப்பேட்டில் இன்னொரு பதிவும் மூன்று நாட்களில் வருகிறது. பிப்ரவரி 7, 9, 12 ஆகிய நாட்களில், காலை 5.40 மணியளவில்: “கழிவுநீர் லாரி. கொட்டகைக்கு வடகிழக்கே, கால்வாயில் குழாய் திறப்பு. ஏறத்தாழ பதினைந்து நிமிடம். பதிவெண் இருட்டில் தெரியவில்லை.” கழிவுநீரிலிருந்தும் அம்மோனியா கிளம்பும். எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை இன்னும் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. எங்கள் குடியிருப்பின் தொட்டியை மாதம் இரண்டு முறை ஒரு லாரிதான் வந்து உறிஞ்சிச் செல்கிறது. அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று நாற்பத்தெட்டு வீட்டாருள் ஒருவரும் கேட்டதில்லை. கால்வாயில் கொட்டியது அதே லாரி என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதைக் கண்டித்து எழுதும் கட்டுரையில் அதே பிழையை நான் செய்யக்கூடாது.

பிப்ரவரி 13 அன்று குழாய்கள் அவிழ்க்கப்பட்டன. ஆய்வகம் ஏழு அளவுகளைக் கொடுத்தது. கால்வாய்க்கும் கொட்டகைக்கும் நடுவில் தொங்கிய இரண்டும் 58, 66. கொட்டகையில் தொங்கிய இரண்டும் 83, 61. எங்கள் மதிற்சுவரில் தொங்கிய இரண்டும் 49, 52. திறக்கப்படாத குழாய் 9. ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று பொருள்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர் இதைப் பார்த்தாலே சில செய்திகள் புலப்படும். கொட்டகைக்கு வந்து சேரும் முன்பே காற்றில் அறுபது போல இருந்திருக்கிறது. ஒரே கொம்பில், ஒரு சாண் இடைவெளியில் தொங்கிய இரண்டு குழாய்கள் 83 என்றும் 61 என்றும் சொல்கின்றன. ஒன்றையும் உறிஞ்சாத குழாயே 9 என்கிறது. ஆகவே மாடுகளின் பங்கு சிறிதாகவும் இருக்கலாம், சற்றுப் பெரிதாகவும் இருக்கலாம். இந்த ஒரு வாரத்தை வைத்து அதற்குமேல் சொல்ல இயலாது.

அறிக்கையில் வந்ததோ ஒரே எண்: 83. மற்ற ஆறும் இல்லை. கால்வாய்ப் பக்கத்து இரண்டும் “ஐயத்திற்குரியவை” என்று நீக்கப்பட்டிருந்தன. 61 “பழுதான குழாய்” ஆனது. மதிற்சுவர் அளவுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. திறக்காத குழாயைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

அதைவிடக் கொடியது அடுத்த பக்கம். கொட்டகை ஆண்டுக்கு 438.6 கிலோ அம்மோனியாவை வெளியிடுவதாக அதில் தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் புள்ளி ஆறைப் பாருங்கள். நூறு கிராம் வரை துல்லியமாம்! சாணால் மேசையை அளந்துவிட்டு மில்லிமீட்டரில் விடை எழுதும் மாணவனுக்கு நான் ஒருபோதும் மதிப்பெண் கொடுத்ததில்லை. இங்கே அதே வேலையைச் செய்தவர்களுக்கு அச்சிட்ட முகப்பும், முத்திரையும், ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்பை முடிவு செய்யும் உரிமையும் தரப்பட்டிருக்கின்றன.

438.6 எங்கிருந்து வந்தது? எந்தக் குழாயிலிருந்தும் வரவில்லை. ஒரு மாடு ஆண்டுக்கு 29.24 கிலோ அம்மோனியா வெளியிடும் என்று ஒரு வெளிநாட்டு அட்டவணை சொல்கிறது. அதைப் பதினைந்தால் பெருக்கினார்கள். அவ்வளவுதான். அந்த நாட்டு மாடு குளிருக்கு அடைத்த கூடத்தில் நின்றுகொண்டு புரதம் மிகுந்த தீவனம் தின்று, கன்னியம்மாவின் மாட்டைப் போல் நான்கு மடங்கு பால் கறப்பது. இந்த மாடு வைக்கோலும் தவிடும் தின்றுவிட்டுப் பகலெல்லாம் ஏரிக்கரையில் மேய்வது. கன்றையும் கறவை மாட்டையும் ஒரே தட்டில் வைத்தார்கள். அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே, உண்மை அளவு இதில் பாதியாகவும் இருக்கலாம், இரு மடங்காகவும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறதாம். எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் அடிக்குறிப்பை விட்டுவிட்டார்கள்.

ஒன்பது மாடுகள் என்று வைத்துக்கொண்டால் 263 கிலோ. அடிக்குறிப்பையும் சேர்த்துக்கொண்டால், ஏறத்தாழ 130க்கும் 526க்கும் இடையில் எங்கோ ஓரிடம். புகாரை விசாரித்த உள்ளாட்சி அலுவலகம் தனக்கென வைத்துக்கொண்ட வரம்பு 250 கிலோ. அதற்குக் கீழே என்றால் கொட்டகை இருக்கலாம். மேலே என்றால் போக வேண்டும். 438.6 என்னும் எண்ணும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்குகிறது என்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு மிகவும் சினமூட்டியது இதுதான். பொய்யாக இருந்தால் மறுத்துவிடலாம். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதிவைத்தால் எதைக் கொண்டு மறுப்பது?

அறிக்கையோடு களத்தாள் ஒன்று இணைக்கப்பட வேண்டும். குழாய் தொங்கவிட்டவர் அதில் கையெழுத்திட வேண்டும். ராகவேந்திரா அந்தத் தாளை ஞானஜோதியின் மேசையில் வைத்தார். அன்று நடந்ததை ஞானஜோதியே என்னிடம் சொன்னார்.

“மேடம், இதுல ஒரு சைன். நாளைக்கு சப்மிட் பண்ணணும்.”

“சார், நான் கொண்டுவந்தது ஏழு ரீடிங். இதுல ஒண்ணுதான் இருக்கு.”

“மத்ததெல்லாம் போட்டா கன்ஃபியூஸ் ஆகிடுவாங்க. அவங்களுக்கு ஒரு நம்பர் வேணும். நூத்தி முப்பதுலேந்து ஐந்நூத்தி இருபதுன்னு குடுத்தா, இதைச் சொல்லவா உங்களைக் கூப்பிட்டோம்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். நியாயமான கேள்விதான்.”

“ஜோக் அடிக்காதீங்க. எல்லா ரிப்போர்ட்டும் இப்படித்தான் போகுது. பத்தொம்பது வருஷமா நீங்களும் சைன் பண்ணிட்டுதானே இருக்கீங்க?”

இதை என்னிடம் சொன்னபோது ஞானஜோதியின் குரல் தாழ்ந்தது. “அவரு சொன்னது சரிதான் சார். ரெண்டு ரெண்டா தொங்கவிட்டேன், மூடின குழாயத் தூக்கிட்டு அலைஞ்சேன், எல்லாம் நோட்டுல எழுதினேன். ரிப்போர்ட்ல ஒண்ணு மட்டும் வந்தப்ப பாத்துட்டு சைன் பண்ணிட்டுப் போனேன். குவாரிக்கும் அப்படித்தான், குப்பைமேட்டுக்கும் அப்படித்தான். அங்கெல்லாம் யார் வீடு போகுதுன்னு எனக்குத் தெரியல. இங்க தினம் அந்தம்மா எனக்கு டம்ளர்ல பால் குடுத்தாங்க.”

அவர் அந்தத் தாளில் கையெழுத்திட்டார். ஆனால் அதற்கு முன், வெற்றிடத்தில் ஏழு அளவுகளையும், மாடுகள் ஒன்பது என்பதையும், லாரி வந்த மூன்று நாட்களையும் தம் கையால் எழுதினார். ராகவேந்திரா அந்தத் தாளை இணைக்காமலேயே அறிக்கையை அனுப்பினார். இணைப்பு இல்லை என்பதை அலுவலகத்தில் கவனித்த பெண் அதிகாரி, அந்தத் தாளோடு அதில் கையெழுத்திட்டவரை விசாரணைக்கு வரச் சொன்னார்.

விசாரணை மார்ச் 5 அன்று. நானும் போயிருந்தேன். தயாளன் எங்கள் சார்பில் பேசினார்.

“மேடம், ஜன்னலைத் திறக்க முடியல. வீட்டுக்கு கெஸ்ட் வந்தா மூக்கைப் பிடிச்சிட்டு உக்காருறாங்க.”

“காலீல அரை லிட்டரு கூட ஊத்துன்னு சொல்லசொல்ல மட்டும் மூக்கு வேலை செய்யாதா சார்?” என்றார் கன்னியம்மா.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மா, உங்ககிட்ட எத்தனை மாடு?” என்று கேட்டார்.

கன்னியம்மா ஞானஜோதியை ஒருமுறை பார்த்தார். “ஒம்போது. பதினஞ்சுன்னு பொய் சொன்னேன். அதையும் எயுதிக்கங்க.”

“பாத்தீங்களா மேடம், அவங்களே ஒத்துக்கறாங்க,” என்றார் தயாளன். “அன்னிக்குப் பொய்னா இன்னிக்கு மட்டும் உண்மையா?”

“வந்து எண்ணிப் பாரு சார். உங்க வூட்டு பால்கனிலேந்தே தெரியும்.”

ராகவேந்திரா கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தார். “ஒம்பதுன்னாலும் இருநூத்தி அறுபத்து மூணு வருது மேடம். லிமிட்டுக்கு மேலதான்.” பதினைந்து ஒன்பதாகக் குறைந்தது பற்றியோ, ஒரு நொடியில் நூற்றெழுபத்தைந்து கிலோ காணாமற்போனது பற்றியோ அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முந்திய எண்ணைச் சொன்ன அதே உறுதியோடு அடுத்த எண்ணைச் சொன்னார். அங்கிருந்த ஒவ்வொருவரும், நான் உட்பட, அந்த உறுதிக்குத் தலையசைத்துப் பழகியவர்கள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று ஆணை எழுதப்படவில்லை. மழைக்காலம், கோடை இரண்டையும் சேர்த்து ஓராண்டு அளக்க வேண்டும் என்றும், கால்வாயையும் அளக்க வேண்டும் என்றும், அதுவரை கன்னியம்மா சாணக்குழியை மூடிவைக்க வேண்டும் என்றும் அதிகாரி எழுதினார். கொட்டகை இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு அந்த நிறுவனம் ஞானஜோதிக்கு வேலை தரவில்லை; இப்போது அவர் ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறார். ராகவேந்திராவின் அறிக்கைகள் வேறு ஊர்களுக்கு, வேறு கையெழுத்துகளுடன் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன. புகாரிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதற்கு இதுவரை பதில் இல்லை.

ஆணை எழுதப்படாமல் நின்றதற்குக் காரணமான உரையாடல் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, களத்தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு ஞானஜோதியை நேராகப் பார்த்தார்.

“லாரி, குழாய் எல்லாம் படிச்சேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கொட்டகை இருநூத்தி அம்பதுக்கு மேலயா, கீழயா?”

“தெரியாது மேடம். மேலயா கீழயான்னு சொல்ற அளவுக்கு நாங்க அளக்கல.”